மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தில் அறுவை சிகிச்சை: வெர்டிப்ரல் தமனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தின் மேல்முனையில் ஸ்க்ரூ போட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் முதலிலும் கடைசியிலும் இருக்கின்றன. நடுவில் இருப்பவை நரம்பியல், எலும்பியல் அறுவையில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள் கேட்பவை. அந்தப் பகுதி கொஞ்சம் கனமானது. நோயாளிகள் தாண்டிப் போகலாம், படித்தாலும் நல்லதே.

வெர்டிப்ரல் தமனி என்பது எது? எங்கே ஓடுகிறது?

மூளைக்கு நான்கு பெரிய குழாய்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. முன்கழுத்தில் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட், பக்கத்துக்கு ஒன்று. மற்ற இரண்டும் கழுத்தெலும்புகளுக்குள்ளேயே ஏறிப் போகின்றன. அவைதான் வெர்டிப்ரல் தமனிகள்.

காறை எலும்புக்குப் பின்னால் சப்கிளேவியன் தமனியிலிருந்து கிளைத்து, பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது கழுத்தெலும்பின் (சி6) பக்கத் துளைக்குள் நுழைந்து, சி5, சி4, சி3 என்று மணிகளில் நூல் கோத்ததுபோல் மேலே வருகிறது. சி2 எலும்பில் நேர்பாதை முடிகிறது. சி1 எலும்பின் துளை சி2-வின் துளையைவிட வெளியே தள்ளியிருப்பதால், தமனி சி2-வுக்குள்ளேயே வெளிப்பக்கம் திரும்பி, பிறகு மேலேறி சி1-இன் துளையைக் கடக்கிறது. கடந்ததும் பின்னோக்கி மடங்கி, சி1-இன் பின்வளைவின் மேல்முகத்தில் உள்ள ஒரு பள்ளத்தில் கிடைமட்டமாக உள்நோக்கி ஓடி, தண்டுவட உறையைத் துளைத்து மண்டையோட்டுக்குள் போகிறது. உள்ளே இரண்டு பக்கத் தமனிகளும் சேர்ந்து பேசிலர் தமனி ஆகின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வைக்கான பின்மூளை ஆகிய மூன்றும் முக்கியமாக இந்த வழியை நம்பியிருக்கின்றன.

மருத்துவர்கள் இந்தப் பாதையை வி1 முதல் வி4 வரை நான்காகப் பிரிக்கிறார்கள். சி2-விலிருந்து உறையைத் துளைக்கும் இடம்வரை உள்ளது வி3. இந்தப் பக்கத்தில் பேசப்போவது கிட்டத்தட்ட முழுக்க அதைப் பற்றித்தான்.

இவ்வளவு வளைவுகள் எதற்கு?

தலையை இடமும் வலமும் திருப்பும்போது அந்தச் சுழற்சியில் பாதியளவு சி1-க்கும் சி2-வுக்கும் நடுவிலேயே நடக்கிறது. பக்கத்துக்கு ஏறத்தாழ 40 பாகை. தமனி அங்கே விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு திருப்பலிலும் இழுபடும். அதனால் கயிற்றில் விடும் தளர்வுபோல உடல் அங்கே வளைவுகளை வைத்திருக்கிறது. அறுவை மருத்துவருக்குச் சிக்கல் தருவதும் அந்த வளைவுகள்தான். ஸ்க்ரூ நுழைய வேண்டிய எலும்பைச் சுற்றியே அவை கிடக்கின்றன.

எந்த நோய்களுக்கு இந்த இடத்தில் அறுவை செய்கிறார்கள்?

சி1-உம் சி2-வும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது, சி2-வின் பல்போன்ற முளை மண்டையோட்டின் அடித்துளைக்குள் ஏறிவிடுவது, அந்த முளை முறிவது, முடக்குவாதம், காசநோய், கட்டி ஆகியவை முக்கியமான காரணங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இங்கே இணைப்பு தளர்ந்திருக்கலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் சி1-இன் முன்வளைவுக்கும் பல்முளைக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கு மேலும், குழந்தைகளுக்கு 5 மி.மீ.க்கு மேலும் போனால் விலகல் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். தண்டுவடம் நசுங்கும்போது கைவிரல் நுணுக்கம் குறையும், நடை தடுமாறும், கால் விறைக்கும். அதைத் தடுக்க எலும்புகளைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு ஒன்றாகப் பிணைக்க வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் தமனி ஒரே அளவில்தான் இருக்குமா?

இல்லை. ஏறத்தாழ பாதிப்பேருக்கு இடப்பக்கத் தமனி பெரியது. நான்கில் ஒருவருக்கு வலது பெரியது. மீதிப்பேருக்குத்தான் இரண்டும் சமம். வழக்கமான விட்டம் 3 முதல் 5 மி.மீ. சிலருக்கு ஒரு பக்கம் 2 மி.மீ.க்கும் குறைவாக, நூல்போல இருக்கும். சிலருக்கு ஒரு பக்கத் தமனி பேசிலரோடு சேராமல், சிறுமூளைக்கு ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு அதோடு முடிந்துவிடும்.

இந்த அளவு வேறுபாடு தன்னளவில் நோய் அல்ல. ஆனால் அறுவையில் இதற்குப் பெரிய பொருள் இருக்கிறது. ஒரு பக்கம் நூல்போல இருப்பவருக்கு எதிர்ப்பக்கத் தமனி மட்டும்தான் உண்மையான வழி. அந்தப் பக்கத்தில் தவறு நடக்கவே கூடாது.

பாதை மாறுவது என்றால் எப்படி மாறும்?

அறுவைக்கு முக்கியமானவை ஐந்து.

முதலாவது, ஹை ரைடிங் வெர்டிப்ரல் ஆர்ட்டரி. சி2-வுக்குள் தமனி வெளிப்பக்கம் திரும்பும் வளைவு, இருக்க வேண்டியதைவிட உயரத்திலும் உள்தள்ளியும் பின்னாலும் அமைந்திருக்கும். ஸ்க்ரூவைத் தாங்க வேண்டிய எலும்புப் பாலத்தைத் தமனி உள்ளிருந்து குடைந்துவிட்டதுபோல ஆகிவிடும். இது அரிது இல்லை. ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு ஒரு பக்கத்திலாவது இருக்கிறது.

இரண்டாவது, பெர்சிஸ்டென்ட் ஃபர்ஸ்ட் இன்டர்செக்மென்டல் ஆர்ட்டரி. சி2-வைத் தாண்டிய தமனி சி1-இன் துளைக்குள் போகாமல், சி1-இன் பின்வளைவுக்குக் கீழே, சி1-சி2 மூட்டின் பின்முகத்தைக் கடந்து நேரடியாகத் தண்டுவடக் குழிக்குள் நுழைந்துவிடும். பொதுமக்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை. எங்கள் கருத்தில் ஐந்திலும் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான். சி1-இல் ஸ்க்ரூ போட மருத்துவர் சதையை விலக்கும் அதே இடத்தில், எலும்பின் காப்பு எதுவும் இல்லாமல் தமனி குறுக்கே கிடக்கிறது. ஸ்க்ரூ தொடும் முன்பே, சதையைச் சுரண்டும்போதே அது கிழியலாம்.

மூன்றாவது, ஃபெனஸ்ட்ரேஷன். தமனி சி2-வுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வழக்கம்போல சி1-க்கு மேலாகவும், மற்றது கீழாகவும் போய் உள்ளே மறுபடி சேரும். மேலே இருப்பதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று முடிவுக்கு வந்தால், கீழே இருப்பதில் கத்தி படும்.

நான்காவது, சிறுமூளையின் பின்கீழ்த் தமனி, அதாவது பைகா, மண்டையோட்டுக்குள் பிரியாமல் சி1-சி2 நடுவிலேயே உறைக்கு வெளியே பிரிவது. மெல்லிய குழாய். சிரை என்று நினைத்துச் சுட்டுவிடும் அபாயம் உண்டு. சுட்டால் சிறுமூளையிலும் முகுளத்திலும் பக்கவாதம் வரலாம்.

ஐந்தாவது, எலும்பின் மாறுபாடு: பான்டிகுலஸ் போஸ்டிகஸ். சி1-இன் மேற்பள்ளத்தின்மேல் ஓர் எலும்புப் பாலம் வளர்ந்து, பள்ளம் துளையாகிவிடும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு முழுதாகவோ அரைகுறையாகவோ இருக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது சி1-இன் பின்வளைவு தடித்து, ஸ்க்ரூவுக்கு இடம் தாராளமாக இருப்பதுபோல ஏமாற்றும். அந்தத் தடிப்புக்குள்தான் தமனி இருக்கிறது.

எலும்பில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஏன் அதிகம்?

கருவில் நான்காம், ஐந்தாம் வாரங்களில் கழுத்தின் ஒவ்வொரு கண்டத்துக்கும் (கருவின் உடல் அடுக்கடுக்காகப் பிரியும் துண்டுகளில் ஒன்று) முதுகுத் தமனியிலிருந்து ஒரு சிறு குழாய் போகும். இவற்றை மேலும் கீழுமாக இணைக்கும் நெடுக்குக் குழாயே பின்னாளில் வெர்டிப்ரல் தமனி. கண்டக் குழாய்களில் ஏழாவது சப்கிளேவியனாக நிலைக்கிறது. மேலே உள்ளவற்றின் தொடக்கப் பகுதிகள் சுருங்கி மறைகின்றன. மண்டையோட்டுக்கும் சி1-க்கும் நடுவில் உள்ள குழாயின் ஒரு பகுதி வி3-இன் கிடைமட்டத் துண்டாக மாறுகிறது. அது வளராமல், சி1-க்கும் சி2-வுக்கும் நடுவில் உள்ள அடுத்த குழாய் நிலைத்துவிட்டால், பாதை சி1-க்குக் கீழே அமைகிறது. இரண்டுமே நிலைத்தால் ஃபெனஸ்ட்ரேஷன்.

எலும்பும் குழாயும் ஒரே கண்டங்களிலிருந்து, ஒரே காலத்தில் உருவாகின்றன. கண்டப் பிரிவில் பிசகு வந்து சி1 மண்டையோட்டோடு ஒட்டிப் பிறந்தால், அல்லது கிளிப்பல்-ஃபைல் குறைபாட்டில் சி2-வும் சி3-யும் ஒன்றாகிவிட்டால், குழாயும் வழக்கமான வழியில் போகாத வாய்ப்பு உயர்கிறது. சி1 ஒட்டிப் பிறந்தவர்களிடம் பெரும்பாலும் தமனி மண்டையோட்டுக்கும் சி1-க்கும் நடுவே எலும்புத் துளை ஒன்றின் வழியாகப் போகும். கணிசமானவர்களுக்கு ஒட்டிய சி1-இன் கீழே தாழ்ந்து வரும். சிலருக்கு ஒரு பக்கத் தமனியே இருக்காது.

ஆகவே அறுவை அதிகம் தேவைப்படும் நோயாளியிடம்தான் தமனியும் அதிகம் வழி மாறியிருக்கும். இந்தியாவில் பிறவிக் கோளாறால் வரும் சி1-சி2 விலகல் நிறையப் பார்க்கப்படுகிறது. இங்கே இந்த நினைவு ஒவ்வொரு முறையும் வேண்டும்.

எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாகிவிட்டது. இன்னொரு ஸ்கேன் கட்டாயமா?

ஸ்க்ரூ போடப்போகிறார்கள் என்றால், எங்கள் பதில்: கட்டாயம். எக்ஸ்ரேயில் எலும்புப் பாலம் தெரியலாம், தமனி தெரியாது. எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தின் நசுங்கலைக் காட்டுவதில் ஈடில்லாதது. ஆனால் எலும்பின் விளிம்பும் குழாயின் விளிம்பும் ஒரே படத்தில் மில்லிமீட்டர் துல்லியத்தில் வேண்டும். அதைத் தருவது, சாயம் செலுத்தித் தமனியைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான். சாயம் இல்லாத சாதாரண சி.டி.யில் சி2-வின் பள்ளத்தை அளக்கலாம். சி1-க்குக் கீழே எலும்பில்லாத இடத்தில் ஓடும் தமனி அதில் தப்பிவிடும்.

பெருந்தமனி வளைவிலிருந்து மூளையடித் தமனி வளையம்வரை, 0.6 மி.மீ. அளவு மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்ல வேண்டும். அயோடின் சாயம் பெரியவர்களுக்குப் பொதுவாக 60 முதல் 80 மி.லி., நொடிக்கு 4 மி.லி. வேகத்தில் கையிலுள்ள சிரை வழியே போகும். உடல் சூடாவதுபோலச் சில நொடிகள் தோன்றும், அது இயல்பு. முன்கூட்டியே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்து, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையும் சாப்பிடுபவரானால், ஸ்கேன் நாளிலிருந்து 48 மணி நேரம் அதை நிறுத்தச் சொல்வார்கள். முன்பு சாயத்தால் ஒவ்வாமை வந்திருந்தால், கர்ப்பமாக இருந்தால், ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஸ்கேனில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது? (பயிற்சி மருத்துவர்களுக்கு)

ரிப்போர்ட்டை வாசித்து நிறுத்திவிடாதீர்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைத் தேடும் ரேடியாலஜிஸ்ட் ஸ்க்ரூ பாதையைப் பார்த்து எழுதுவதில்லை. படத்தை நீங்களே உருட்டிப் பார்க்க வேண்டும்.

குறுக்குவெட்டில் தொடங்கி, ஒரு பக்கத் தமனியைச் சி6-இலிருந்து உறையைத் துளைக்கும் இடம்வரை விடாமல் பின்தொடருங்கள். பிறகு மறுபக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்விகள் இவை: சி2-வைத் தாண்டியபின் சி1-இன் துளைக்குள் தமனி இருக்கிறதா? துளை காலியாக இருந்தாலோ, மிகச் சிறியதாக இருந்தாலோ, தமனி கீழே போயிருக்கிறது என்று ஐயப்படுங்கள். சி1-இன் மேற்பள்ளத்தில் தமனி தெரிகிறதா? அங்கே தெரிந்தாலும் சி1-சி2 இடைவெளியில் இன்னொரு குழாய் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடுவதால்தான் ஃபெனஸ்ட்ரேஷனும் தாழ்ந்து பிரியும் பைகாவும் தப்பிப்போகின்றன.

அடுத்து இரு பக்க விட்டத்தையும் அளந்து, பெரியது எது, சிறியது பேசிலரில் சேர்கிறதா என்று எழுதுங்கள். பிறகு நெடுக்குவெட்டு. சி2 மட்டத்தில் தண்டுவடக் குழியின் பக்கச் சுவரிலிருந்து 3 மி.மீ. வெளியே உள்ள வெட்டை எடுத்து இரண்டு அளவுகள்: தமனிப் பள்ளத்தின் உச்சியிலிருந்து சி2-வின் மேல்மூட்டுப் பரப்புவரை உள்ள எலும்பின் உயரம், அதே வெட்டில் பார்ஸ் பகுதியின் (மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் இணைக்கும் எலும்பு) உயரம். முதலாவது 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, அல்லது இரண்டாவது 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் அது ஹை ரைடிங். பெடிகிளின் (எலும்பின் உடலையும் பின்பகுதியையும் இணைக்கும் பாலம்) அகலத்தை அதன் அச்சுக்கு இணையாகச் சாய்த்த வெட்டில் அளக்க வேண்டும். 4 மி.மீ.க்குக் குறைந்த பெடிகிளில் 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு இரு பக்கமும் எலும்பு மிஞ்சாது.

முப்பரிமாணப் படத்தைக் கடைசியில் பாருங்கள். அது கண்ணுக்கு அழகு. ஆனால் மெல்லிய எலும்பையும் சிறு கிளைகளையும் கணினி அழித்துவிடக்கூடும்.

சி2-வில் எந்த ஸ்க்ரூவைத் தேர்வது?

வரலாற்றை ஒரு வரியில் சொன்னால் தேர்வு புரியும். முதலில் சி1, சி2 பின்வளைவுகளைக் கம்பியால் கட்டினார்கள். தமனிக்கு அபாயம் குறைவு, பிடிமானமும் குறைவு. பிறகு மேகர்ல் முறையில் சி2-விலிருந்து மூட்டின் குறுக்கே சி1-க்குள் ஒரே ஸ்க்ரூ. பிடி வலுவானது, ஆனால் அதன் பாதை தமனியின் வளைவை ஒட்டிப் போகிறது. 1998-இல் வெளியான அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் கணக்கெடுப்பில், இந்த முறையில் அறுவை செய்யப்பட்ட 1318 பேரில், ஐயத்துக்குரியவற்றையும் சேர்த்து, 4.1 சதவீதத்தினருக்குத் தமனிக் காயம் பதிவானது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் 1994-இல் லஹேரியுடன் சேர்ந்து வெளியிட்ட முறையில், சி1-இன் லேட்டரல் மாஸிலும் (மூட்டைத் தாங்கும் தடித்த பக்கப் பகுதி) சி2-விலும் தனித்தனி ஸ்க்ரூ போட்டுத் தகட்டால் இணைத்தார்கள். 2001-இல் ஹார்ம்ஸ், மெல்கர் இருவரும் தகட்டுக்குப் பதில் தலை அசையும் ஸ்க்ரூவும் கம்பியும் கொண்டுவந்தார்கள். 2004-இல் ரைட் சி2 லாமினாவுக்குள்ளேயே (தண்டுவடக் குழியைப் பின்னால் மூடும் எலும்புத் தகடு) குறுக்காக ஸ்க்ரூ போடும் முறையைச் சொன்னார்.

இன்றைய நடைமுறைத் தேர்வு அளவைப் பொறுத்தது. பெடிகிள் அகலமாகவும் பள்ளம் தாழ்ந்தும் இருந்தால் பெடிகிள் ஸ்க்ரூ. உள்நோக்கி 20–30 பாகை, மேல்நோக்கியும் ஏறத்தாழ அவ்வளவே. பெடிகிளின் உட்சுவரை மெல்லிய கருவியால் தொட்டு உணர்ந்துகொண்டே போக வேண்டும். ஹை ரைடிங் என்றால் அந்தப் பக்கம் பெடிகிளும் மூட்டுக் குறுக்கு ஸ்க்ரூவும் வேண்டாம். 14–16 மி.மீ. நீளமுள்ள குட்டைப் பார்ஸ் ஸ்க்ரூ, தமனிக்கு முன்பே நின்றுவிடும். லாமினா தடிமனாகவும் முழுதாகவும் இருந்தால் லாமினா ஸ்க்ரூ இன்னும் பாதுகாப்பானது, ஏனென்றால் தமனி அந்தப் பாதையிலேயே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது, ஸ்க்ரூ முன்சுவரை உடைத்துக்கொண்டு தண்டுவடக் குழிக்குள் போகாமல் இருப்பது. இரண்டும் முடியாவிட்டால் பிணைப்பைச் சி3-வரை நீட்டலாம். ஓர் எலும்பின் அசைவு கூடுதலாகப் போகும், அது ஏற்கத்தக்க விலை.

இரு பக்கமும் ஒரே வகை ஸ்க்ரூ இருந்தால்தான் படம் நன்றாக இருக்கும் என்பதற்காக யாரும் அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை. வலது பெடிகிள், இடது லாமினா என்பது முழுமையான, நேர்மையான திட்டம்.

சதையை விலக்கும்போது எவ்வளவு தூரம் போகலாம்?

பெரியவர்களில், சி1 பின்வளைவின் பின்முகத்தில் நடுக்கோட்டிலிருந்து 12 மி.மீ.க்குள்ளும், மேல்முகத்தில் 8 மி.மீ.க்குள்ளும் இருந்தால் பாதுகாப்பு. மேல்விளிம்பில் மின்கத்தி வேண்டாம்; எலும்போடு ஒட்டிய உறைக்கு அடியில், மழுங்கிய கருவியால் தள்ளுங்கள். சி1 ஸ்க்ரூவுக்காக இதைவிட வெளியே போகத்தான் வேண்டும். அப்போது பின்வளைவின் கீழ்விளிம்பை ஒட்டியே போங்கள். அங்கே அடர்ந்த சிரைப்பின்னல் இருக்கிறது. கருஞ்சிவப்பாக, துடிப்பில்லாமல் நிறையவே கசியும். ஜெலட்டின் பஞ்சும் பொறுமையும் போதும். கண்மூடித்தனமாகச் சுடுவது இங்கே நடக்கும் தவறுகளில் முதன்மையானது.

சி1 ஸ்க்ரூ நீளத்திலும் கவனம் தேவை. லேட்டரல் மாஸின் முன்சுவரைத் தாண்டினால் உள்கரோட்டிட் தமனியும் நாக்கை அசைக்கும் நரம்பும் இருக்கின்றன.

தமனி சி1-க்குக் கீழே ஓடுகிறது என்று முன்பே தெரிந்தால் அறுவை முடியாதா?

முடியும். தெரிந்திருப்பதே பாதி வெற்றி. அந்தப் பக்கத்தில் சி1-சி2 இடைவெளியை நடுக்கோட்டிலிருந்து தொடங்கி, நுண்ணோக்கியில், சிறு டாப்ளர் கருவியால் துடிப்பைக் கேட்டுக்கொண்டே திறக்கலாம். தமனியை அதைச் சுற்றியுள்ள சிரைப்பின்னலோடு சேர்த்து மெல்ல மேலோ கீழோ நகர்த்தி, மூட்டுக்கு வழி செய்து, ஸ்க்ரூவுக்கான துளையிடும்போது ஒரு தட்டைக் கருவியால் காக்க வேண்டும். சுழலும் துரப்பண முனை அருகில் உள்ள திசுவைச் சுற்றி இழுக்கும். காப்பு இல்லாமல் அதை அங்கே ஓட்டக் கூடாது. இந்த நகர்த்தல் பழகிய கைகளுக்கு உரியது. அனுபவம் இல்லாத இடத்தில், அந்தப் பக்கச் சி1-ஐ விட்டுவிட்டு மண்டையோட்டின் பின்னெலும்பிலிருந்து சி2-வுக்குப் பிணைப்பதே சரி. தலை குனிந்து நிமிரும் அசைவு குறையும், தமனி தப்பும்.

பான்டிகுலஸ் இருந்தால் அதை உடைத்துவிடலாமா?

பொதுவாகத் தேவையில்லை. ஸ்க்ரூவைப் பின்வளைவு வழியாக நுழைக்காமல், அதற்குக் கீழே லேட்டரல் மாஸில் நேரடியாக நுழைத்தால் போதும்.

நேவிகேஷன் கருவி இருந்தால் அபாயமே இல்லை என்கிறார்களே?

ஸ்கேன் படத்தின்மேல் கருவியின் முனை எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுவதுதான் நேவிகேஷன். அதனால் அபாயம் குறைகிறது. இல்லாமல் போவதில்லை. அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனில் நோயாளி மல்லாந்து படுத்திருந்தார். மேசையில் குப்புறப் படுக்கிறார். தளர்ந்த சி1-சி2 நடுவே அந்த மாற்றத்தில் பல மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். குறிப்புச் சட்டத்தைச் சி2-வில் பொருத்திவிட்டுச் சி1-ஐயும் அதே கணக்கில் நம்பினால் திரை பொய் சொல்லும். மேசையிலேயே எடுக்கும் சி.டி. இந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கிறது. ஆனாலும் எலும்பை அழுத்தினால் அது நகரும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன் தெரிந்த ஒரு எலும்பு முனையைத் தொட்டு, திரையில் அதே முனை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கலான பிறவி அமைப்புகளில், ஸ்கேனிலிருந்து அச்சிட்ட உண்மை அளவு மாதிரியைக் கையில் வைத்துப் பார்ப்பது மிகப் பெரிய உதவி.

தமனியில் காயம் பட்டால் என்ன நடக்கும்? என்ன செய்வார்கள்?

துளையிலிருந்து பளிச்சென்ற சிவப்பு ரத்தம் துடிப்போடு பீறிடும். முதல் வேலை, விரலோ பஞ்சோ வைத்து அடைத்து, மயக்க மருத்துவரிடம் சத்தமாகச் சொல்வது. ரத்தம் தயாராக வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தணித்துக் கசிவை நிறுத்த நினைக்கக் கூடாது. மூளைத்தண்டு இப்போது மறுபக்கத் தமனியை நம்பியிருக்கிறது, அதற்கு அழுத்தம் தேவை.

காயம் எலும்புத் துளைக்குள் என்றால், துளையை எலும்பு மெழுகாலோ ரத்தம் உறையவைக்கும் பொருளாலோ அடைப்பது, அல்லது திட்டமிட்டதைவிடக் குட்டையான ஸ்க்ரூவை அதே துளையில் போட்டு அடைப்பது வழக்கம். பெரும்பாலும் இதில் நின்றுவிடும். அளவுக்கு மீறித் திணித்தால் பஞ்சு தண்டுவடத்தை நசுக்கும். திறந்த இடத்தில் தமனி கிழிந்திருந்தால், மேலும் கீழும் பிடித்து நேரடியாகத் தைக்க முயலலாம். தமனியையே நூலால் கட்டி அடைத்துவிடுவது கடைசி வழி. மறுபக்கத் தமனி நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனில் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே அதைத் துணிந்து செய்ய முடியும்.

அடுத்ததை அழுத்திச் சொல்கிறோம்: ஒரு பக்கம் காயம் பட்டபின் மறுபக்கத்தில் தமனிக்கு அருகே போகும் எந்த ஸ்க்ரூவும் கூடாது. லாமினா ஸ்க்ரூ அல்லது கம்பிக் கட்டு போட்டு முடிக்க வேண்டும். இரண்டு தமனிகளும் போனால் உயிர் மிஞ்சுவது அரிது. இதனால்தான் தொடங்கும்போதே சிறிய தமனி உள்ள பக்கத்தில் முதல் ஸ்க்ரூ போடுவதைப் பலர் கடைப்பிடிக்கிறார்கள்.

ரத்தம் நின்றுவிட்டது என்று அதோடு விடுவதும் தவறு. அன்றே ஆஞ்சியோகிராம் வேண்டும். சுவர் கிழிந்து பொய்வீக்கம் உருவாகலாம், தமனியும் சிரையும் இணைந்துவிடலாம், உள்ளே ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம். பொய்வீக்கம் சில நாள்களோ வாரங்களோ கழித்துத் தோன்றி வெடிப்பதும் உண்டு. எனவே முதல் படம் சரியாக இருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே போய்ச் சுருள்கம்பியாலோ ஸ்டென்டாலோ சரிசெய்யும் குழு உள்ள மருத்துவமனையில்தான் இந்த அறுவைகள் நடக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரு தமனி போனால் பக்கவாதம் நிச்சயமா?

இல்லை. பெரும்பாலானவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் தேறுகிறார்கள், மறுபக்கத் தமனி ஈடுகட்டுவதால். மேலே சொன்ன கணக்கெடுப்பில், தமனிக் காயத்தால் நரம்புக்குறை வந்தவர்கள் மொத்த நோயாளிகளில் 0.2 சதவீதம், இறப்பு 0.1 சதவீதம். ஆனால் மறுபக்கம் நூல்போல இருப்பவருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

வீட்டுக்கு வந்தபின் எந்த அறிகுறிகளுக்கு உடனே ஓட வேண்டும்?

திடீர்த் தலைசுற்றலோடு வாந்தி, இரட்டைப் பார்வை, விழுங்கும்போது புரையேறுவது, குரல் கம்முவது, முகத்தின் ஒரு பாதியும் உடலின் எதிர்ப்பாதியும் மரத்துப்போவது, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வது. இவை மூளைத்தண்டுப் பக்கவாதத்தின் அடையாளங்கள். கழுத்துக் காயத்தில் புதிதாக வீக்கம், துடிப்பு, பழைய வலியிலிருந்து வேறுபட்ட கடும் வலி வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'ஹைபோபிளாஸ்டிக் வெர்டிப்ரல் ஆர்ட்டரி' என்று வந்திருக்கிறது. சிகிச்சை வேண்டுமா?

அறிகுறி எதுவும் இல்லையென்றால் வேண்டாம். அது தமனி பிறவியிலேயே சிறுத்திருக்கும் அமைப்பு. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் கழுத்தில் எந்த அறுவை என்றாலும் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்கலாமா?

சி1-சி2 விலகல் உள்ளவர், இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர், முடக்குவாதம் உள்ளவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை: இவர்களுக்குக் கட்டாயம் கூடாது. ஆரோக்கியமானவர்களிலும் திடீரெனக் கழுத்தை முறுக்கும்போது வி3 பகுதியில் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. முடி வெட்டியதும் தலையைத் திருக வரும் கையை, வேண்டாம் அண்ணா என்று தடுத்துவிடுங்கள்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்? எதைக் கொண்டுபோக வேண்டும்?

தயங்காமல் கேளுங்கள்: தமனிக்கான சி.டி. எடுத்தீர்களா, இரண்டு பக்கமும் எப்படி இருக்கிறது, எது பெரியது, பாதை மாறியிருக்கிறதா, நினைத்த ஸ்க்ரூ போட முடியாவிட்டால் மாற்று என்ன, காயம் பட்டால் இங்கேயே சரிசெய்ய ஆள் இருக்கிறார்களா. இந்த அறுவையைத் தொடர்ந்து செய்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார். படத்தைத் திரையில் போட்டே காட்டுவார்.

வேறு ஊரில் எடுத்த ஸ்கேனாக இருந்தால், அச்சிட்ட ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். அதில் தமனியைப் பின்தொடர முடியாது, சாய்த்து அளக்கவும் முடியாது. ஸ்கேன் மையத்தில் கேட்டு, மெல்லிய வெட்டுகள் எல்லாம் அடங்கிய டைகாம் கோப்புகளைச் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அவை திறக்கின்றனவா என்று அங்கேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.